சாலைக்குக் குச்சி நட்ட பிறகு: காட்டுச் செடிகளை இடம் மாற்றும் முறை

சாலைக்கு நிலம் அளந்து குச்சி நட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். பாதுகாக்கப்பட்ட இனம் என்று பட்டியலில் இருந்த நில ஆர்க்கிட் செடிகள் 60, பூத்து நின்றன. இரண்டே நாளில் அத்தனையையும் பெயர்த்து ஒரு கிலோமீட்டர் தள்ளி நட்டோம். நட்ட அன்று எல்லாமே நிமிர்ந்துதான் நின்றன. ஒரு மாதத்தில் இலை மஞ்சளாகிச் சாய்ந்தது. அடுத்த ஆண்டு முளைத்தவை 11. அவற்றில் ஒன்றுகூடப் பூக்கவில்லை.

காரணம் மண்ணுக்குள் இருந்தது. இந்த வகை ஆர்க்கிட்டுக்கு இரண்டு கிழங்குகள் உண்டு. போன வருடத்துக் கிழங்கிலிருந்து இலையும் பூவும் வரும். அதே நேரத்தில் பக்கத்திலேயே அடுத்த வருடத்துக்கான கிழங்கு பருக்கத் தொடங்கும். பூக்கும்போது பழைய கிழங்கு காலியாகிக்கொண்டிருக்கும், புதியது நிரம்பியிருக்காது. அந்த நேரத்தில் வேரை அசைத்தால் புதியது நிரம்பாமலே நின்றுவிடும். நாங்கள் போன நேரம் சரியாக அந்த நேரம். பூ இருந்ததால்தான் செடி எங்கள் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதால் தோண்டினோம்.

அதற்குப் பிறகு பல சாலை வேலைகளில் இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறேன். கற்றுக்கொண்டதைக் கீழே எழுதுகிறேன். பெரும்பகுதி தோண்டுவதற்கு முன்னால் செய்யவேண்டியதைப் பற்றியே இருக்கும். உழைப்பில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது.

எடுக்காமல் விட முடியுமா?

இதை முதலில் கேளுங்கள், சலிக்காமல் கேளுங்கள். 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, உலகெங்கும் 249 வகைத் தாவரங்களை இயற்கையில் மறுபடி நட்ட முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்தது. சராசரியாகப் பிழைத்தவை 52 சதவீதம். பூத்தவை 19, காய்த்தவை 16. அக்கறையோடு, விஷயம் தெரிந்து செய்தவர்களுடைய கணக்கு இது. அதனால் ஒரு செடியை இருந்த இடத்திலேயே விட முடிந்தால், நம்மால் முடிந்த மிகச் சிறந்த இடமாற்றத்தைவிட அது பெரிய வெற்றி.

சாலையின் வரைபடத்தை வாங்கி மூன்று நிறத்தில் தீட்டிப் பாருங்கள். தார் விழும் பகுதி ஒரு நிறம். கரை, வடிகால் இன்னொரு நிறம். மூன்றாவது நிறம் தற்காலிக இடங்களுக்கு: ஜல்லி கொட்டும் இடம், மண் குவிக்கும் இடம், தொழிலாளர் கொட்டகை, லாரி திரும்பும் இடம். முதல் நிறத்தை மாற்றுவது கடினம். மூன்றாவதை ஏறக்குறைய எப்போதும் மாற்றலாம். ஒரு வேலையில் நாங்கள் எண்ணிய 212 செடிகளில் 90 செடிகள் வெறும் ஜல்லிக் கிடங்குக்குள் இருந்தன. கிடங்கை 40 மீட்டர் தள்ளி வைத்துக்கொள்ளப் பொறியாளர் ஒரே பேச்சில் ஒப்புக்கொண்டார். அதுவரை அவரிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

விட்டுவைத்த செடிகளைச் சுற்றிப் பளிச்சென்ற வலை கட்டுங்கள், இரண்டு மீட்டராவது தள்ளி. பிறகு பொக்லைன் ஓட்டுநரைக் கையோடு கூட்டிப்போய்ச் செடியைக் காட்டுங்கள். வரைபடம் பொறியாளரின் மேசையில் இருக்கும். பக்கெட்டை இறக்குகிறவர் இவர். செடியை ஒருமுறை நேரில் பார்த்த ஓட்டுநர் அதன் பக்கம் வண்டியைத் திருப்பியதை நான் பார்த்ததில்லை. தண்ணீர் வரும் வழியையும் கேட்டு வையுங்கள். மேட்டிலிருந்து கசிந்து வரும் ஈரத்தைச் சாலைக்கரை தடுத்துவிட்டால், யாரும் தொடாத செடிகூட இரண்டு கோடையில் போய்விடும். அந்த இடத்தில் சிறு குழாய்ப்பாலம் வைக்க முடியுமா என்று வடிவமைப்பு நிலையிலேயே பேசவேண்டும்.

அனுமதி

பாதுகாக்கப்பட்ட செடியை நல்ல எண்ணத்தோடு பிடுங்கினாலும் அது பிடுங்கியதுதான். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒரு இலையையும் தொடாதீர்கள். எந்த இனம், எத்தனை செடி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யார் கையால், எந்த இடத்துக்கு என்பதெல்லாம் அனுமதியில் இருக்கிறதா என்று பாருங்கள். விதையும் தண்டுக் குச்சியும் எடுப்பதற்குத் தனியாக எழுதி வாங்குங்கள். பலர் இதை மறந்துவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள். நடப்போகும் நிலத்தின் உரிமையாளரிடமும் கையெழுத்து வேண்டும். செடி நாட்டு எல்லையைத் தாண்டுவதாக இருந்தால் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும், 1975 முதல் நடப்பில் உள்ள சைட்டிஸ் உடன்படிக்கையும் சேர்ந்துகொள்ளும். ஆர்க்கிட் இனங்கள் எல்லாமும், கள்ளிகளில் ஏறக்குறைய எல்லாமும் அதன் பட்டியலில் இருக்கின்றன.

இன்னொன்று. செடி இருக்கும் இடத்தையும், நடப்போகும் இடத்தையும் பொதுவில் சொல்லாதீர்கள். படம் போடும்போது கைபேசி அதில் இடக்குறியைச் சேர்த்துவிடும்; அதை நீக்கிவிடுங்கள். அரிய ஆர்க்கிட்டையும் கள்ளியையும் திருடி விற்கிறவர்கள் இந்தச் செய்திகளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பூக்கும்போது அடையாளம், உறங்கும்போது தோண்டல்

கணக்கெடுப்புக்கு ஒரு முழு ஆண்டு வேண்டும். கிழங்குச் செடிகள் வருடத்தில் பாதி நாள் மண்ணுக்கு மேலே தெரியாது. சில ஆர்க்கிட்டுகள் ஒரு வருடம் முழுக்க வெளியே வராமலே இருந்துவிடும். ஒரே ஒரு நாள் நடந்துபார்த்து எழுதிய எண்ணிக்கையை நம்பித் திட்டம் போடக்கூடாது.

ஒவ்வொரு செடிக்கும் ஒரு எண், ஒரு அலுமினியத் தகடு. தகட்டில் பேனாவால் எழுதினால் வெயிலில் போய்விடும். ஆணியால் அழுத்திக் கீறுங்கள். கைபேசியின் ஜிபிஎஸ் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தவறும், அதற்குள் இருபது செடி இருக்கும். ஆகவே அசையாத இரண்டு அடையாளங்களிலிருந்து, ஒரு பாறையும் ஓர் அளவுக்கல்லும் போல, நாடாவால் அளந்து எழுதுங்கள். இரண்டு தூரமும் சந்திக்கும் இடத்தில்தான் செடி.

நாங்கள் ஒருமுறை மூங்கில் குச்சி மட்டும் நட்டு வந்தோம். நான்கு மாதம் கழித்துக் கிழங்கு எடுக்கப் போனபோது குச்சிகளில் பாதி இல்லை. மாடு சாய்த்தவை சில, அடுப்புக்குப் போனவை பல. தரையில் காய்ந்த புல் மட்டும்தான் தெரிந்தது. எங்கே தோண்டுவது என்றே தெரியாமல் 40 செடிகளை இழந்தோம். அந்த நாளுக்குப் பிறகு நான் வழக்கமாக்கிக்கொண்ட முறை இது: செடிக்குத் தெற்கே சரியாக ஒரு சாண் தள்ளி, நான்கு விரல் ஆழத்தில் ஒரு இரும்பு ஆணியைப் புதைத்துவிடுவேன். மேலே எதுவும் தெரியாது, யாரும் பிடுங்கமாட்டார்கள். திரும்பிப் போகும்போது உலோகம் காட்டும் கருவியைத் தரையில் ஓட்டினால் ஆணி கூப்பிடும். அதற்கு வடக்கே ஒரு சாணில் கிழங்கு.

அடையாளமிடும் நாளிலேயே சூழலையும் எழுதிக்கொள்ளுங்கள். காலை வெயிலா, மாலை வெயிலா? சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது? கையெட்டும் தூரத்தில் வேறு என்னென்ன செடிகள்? பூவில் என்ன பூச்சி வந்து உட்கார்கிறது? கடைசிக் கேள்விக்காக நான் காலையிலும் இரவிலும் அரை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பேன். வெள்ளையாய், நீண்ட தேன்குழலோடு இருக்கும் பூக்களுக்குப் பெரும்பாலும் அந்துப்பூச்சி இரவில்தான் வரும். அந்தப் பூச்சி இல்லாத இடத்தில் கொண்டுபோய் நட்டால் செடி பூக்கும், காய்க்காது.

புது இடம்

இந்தச் செடி அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை அங்கே நடவேண்டாம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2013-ல் வெளியிட்ட இடமாற்ற வழிகாட்டு நெறிகளும் இதைத்தான் வற்புறுத்துகின்றன. பக்கத்துச் சரிவு பச்சையாக, அழகாக இருக்கிறது என்பது போதாது. அழகான இடம் பலநேரம் அதிக வளமான இடம். வளமான இடத்தில் உயரமான புல் எழுந்து சின்னச் செடியை மூடிவிடும்.

மண்ணை ஒப்பிட ஆய்வகம்தான் வேண்டும் என்றில்லை. இரண்டு இடத்திலும் ஒரே ஆழத்திலிருந்து மண் எடுத்து, ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் மணல் அடியில் படியும். சில மணி நேரத்தில் வண்டல். களி படிய ஒரு நாளும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். மறுநாள் இரண்டு பாட்டில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடுகளைப் பாருங்கள். அடுக்குகளின் தடிமன் பெரிதாக மாறினால் அந்த இடம் வேண்டாம். கார அமிலத் தாளில் ஈரமண்ணின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். பெருமழை பெய்த மறுநாள் இரண்டு இடத்துக்கும் போய், எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே வடிந்துவிட்டது என்று பாருங்கள். எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது இந்த மழை மறுநாள் நடைதான்.

நேரம் இருந்தால் ஓராண்டு முன்னதாகப் பத்துச் செடியை மட்டும் கொண்டுபோய் நட்டுப் பாருங்கள். அந்த நிலம் இன்னும் இருபது ஆண்டு நிலமாகவே இருக்குமா என்றும் விசாரியுங்கள். அடுத்த அகலப்படுத்தலுக்குக் குறித்து வைத்த நிலத்தில் நட்டு, இரண்டாம் முறை பெயர்க்க வேண்டிவந்த கதை எனக்குத் தெரியும்.

தோண்டும் நாள்

தேதியைச் செடி சொல்லவேண்டும். கிழங்குச் செடி என்றால் இலை காய்ந்து, தொட்டால் கழன்று வரும் நிலையில். புதர் என்றால் துளிர் விடுவதற்கு முன். மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட் என்றால் புது வேரின் பச்சை நுனி தலைகாட்டும் நேரத்தில், மழைக்காலத் தொடக்கமாக அது அமைந்தால் இன்னும் நல்லது. ஒப்பந்ததாரரின் கால அட்டவணைக்கும் இதற்கும் ஒத்துப்போகாது. அதனால்தான் ஓராண்டு முன்பே அவரிடம் பேசுங்கள் என்கிறேன். பேசியும், ஒருமுறை எங்களிடம் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பே இயந்திரம் வந்து நின்றது. வேலை தொடங்கும் தேதி வாய்ப்பேச்சாக இருக்கக்கூடாது. செடி எடுத்து முடித்த சான்றில் கையெழுத்தாகும்வரை அந்தத் துண்டில் இயந்திரம் இறங்காது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கட்டும்.

முதல் வேலை கருவிகளைக் கழுவுவது. மண்வெட்டி, கடப்பாரை, செருப்பின் அடிப்பாகம், வண்டிச் சக்கரம் வரை ஒட்டிய மண்ணைத் தேய்த்து எடுத்து, வெட்டும் முனைகளை 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்குக் காடுகளில் பைட்டாப்தோரா சின்னமோமி என்ற வேரழுகல் கிருமி பரவியதில் சாலை வேலைக்கு ஏற்றிப்போன மண்ணுக்கும் சரளைக்கும் பெரிய பங்கு உண்டு. வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய ஒரு கைப்பிடி மண் போதும்.

நில ஆர்க்கிட்டைத் தனியாகப் பிடுங்குவதை நான் விட்டுவிட்டேன். மண்ணோடு கட்டியாகத்தான் எடுக்கிறேன். ஆர்க்கிட் விதை தூசி போன்றது, அதற்குள் உணவு கிடையாது. மண்ணில் இருக்கும் குறிப்பிட்ட பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். வளர்ந்த செடியிலும் பல இனங்கள் அந்தப் பூஞ்சையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். வேரை உதறிச் சுத்தமாக்கி நடுகிறவர் அந்தப் பூஞ்சையைத்தான் உதறிவிட்டு வருகிறார்.

கட்டி எடுக்கும் முறை: முந்தைய நாள் மாலை நிலத்தை நன்றாக நனையுங்கள், சேறாகக்கூடாது. செடியை நடுவில் வைத்து 30 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, தட்டையான மண்வாரியை நேராக இறக்கி நான்கு பக்கமும் 25 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கை நுழையும் அகலத்துக்குப் பள்ளம் எடுங்கள். அந்தப் பள்ளம் வழியாக ஓர் இரும்புத் தகட்டைக் கட்டியின் அடியில் மெல்ல ஆட்டி ஆட்டித் தள்ளுங்கள். சின்ன வேர்கள் அறுபடும் சத்தம் கேட்கும். கேட்டதும் அழுத்தாமல் நிறுத்தி, கத்தரிக்கோலால் அந்த வேரை நறுக்கிவிட்டுத் தொடருங்கள். அழுத்தினால் வேர் அறாது, கட்டிதான் உடையும். முழுதும் நுழைந்ததும் தகட்டோடு தூக்கிப் பலகையில் வைத்து, ஈரச் சணல் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். ஒரு கட்டி 35, 40 கிலோ வரும். இரண்டு பேர் இல்லாமல் தூக்காதீர்கள். இலையையோ தண்டையோ கைப்பிடியாக்கவே கூடாது. சாக்கின் வடக்குப் பக்கத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

என்னோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவர், கட்டி உடைந்த ஓர் இடத்தில் சுருங்கிப்போன பழைய கிழங்கைப் பார்த்துவிட்டு, “இது அழுகிப்போச்சும்மா, கிள்ளிப் போட்டுடவா?” என்றார். “வேண்டாம் ஐயா, அதுல மிச்சம் இருக்குறத எல்லாம் பக்கத்துல இருக்கறது இழுத்துக்கட்டும்” என்றேன். அன்றிலிருந்து புதிதாக வரும் ஆட்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது அவர்தான். கண்ணுக்கு வீணாகத் தெரிவதை எதையும் கழிக்காதீர்கள்.

செங்காந்தள் போன்ற கிழங்குக் கொடிக்கு வேறு கைப்பக்குவம் வேண்டும். அதன் கிழங்கு கலப்பை போல இரண்டாகப் பிரிந்திருக்கும், நாம் நினைப்பதைவிட ஆழத்தில் கிடக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். கிழங்கு வெள்ளரிப் பிஞ்சு போல மொடுக்கென்று உடையக்கூடியது. நுனி உடைந்த துண்டு முளைக்காது. காய்ந்த தண்டுக்கு மிகவும் பக்கத்தில் கடப்பாரையைப் போடாமல் ஒரு முழம் தள்ளிப் பள்ளம் எடுத்து, பக்கவாட்டிலிருந்து விரலாலும் மூங்கில் சிராயாலும் மண்ணைச் சுரண்டி வாருங்கள். முழுக் கிழங்கும் கண்ணுக்குத் தெரிந்த பிறகு இரண்டு கையாலும் ஏந்தி எடுங்கள். உலர்ந்த மரத்தூளில் ஒன்றோடொன்று முட்டாமல் படுக்கவையுங்கள். கையுறை கட்டாயம். செடி முழுக்கக் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கையைக் கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

புதருக்கும் சிறு மரத்துக்கும் முன்கூட்டியே வேர்க்கவாத்து செய்யவேண்டும். சுற்றிலும் வட்டம் போட்டு, ஒரு பருவத்தில் பாதி வட்டத்துக்கு மட்டும் குழி வெட்டி வேரை நறுக்கி மண்ணை மூடிவிடுங்கள். அடுத்த பருவத்தில் மறு பாதி. நறுக்கிய இடத்தில் புதுச் சல்லிவேர் கட்டியிருக்கும், பெயர்க்கும்போது அந்த வேர்கள் கூடவே வரும். வேரோடு சேர்த்து எடுக்கும் தாய்மண் உருண்டையின் குறுக்களவு தண்டின் குறுக்களவைப் போல பத்து முதல் பன்னிரண்டு மடங்கு இருக்கட்டும்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்துக்குப் போகும் சாலையைத் திருத்திக் கட்டியபோது, 2009-ல், மரங்களை வெட்டிய இடத்தில் ஒரு புதர் வெளியே தெரிந்தது. பிரான்சிஸ்கன் மன்சனீட்டா. 1940-களோடு இயற்கையில் அழிந்துவிட்டதாக நம்பப்பட்ட இனம். தோட்டங்களில் மட்டும் மிஞ்சியிருந்தது. காட்டில் இருந்தது அந்த ஒரே செடி. 2010 ஜனவரியில் சுமார் பத்து டன் தாய்மண்ணோடு அதைக் கிரேனில் தூக்கி இடம் மாற்றினார்கள். நான் கவனித்தது அந்த எடையைவிட இன்னொன்றை: கிரேன் வருவதற்கு முன்பே அந்தப் புதரின் தண்டுக் குச்சிகளைப் பல தோட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். தாய்ச்செடி போயிருந்தாலும் அதன் வழி தொடர்ந்திருக்கும்.

சிவப்பு நூல் முடிச்சை நான் கற்றது கள்ளிகளிடம். அமெரிக்காவின் அரிசோனாவில், தூண் போல உயர்ந்து வளரும் சகுவாரோ கள்ளிகளைச் சாலைக்காகப் பெயர்ப்பவர்கள் தெற்குப் பக்கத்தில் அடையாளமிட்டு, அதே திசை பார்க்கும்படி நடுகிறார்கள். நிழல் பக்கத்துத் தோல் மென்மையானது. அதைத் திடீரென்று வெயிலுக்குத் திருப்பினால் வெந்துபோகும். பெரிய சகுவாரோ உள்ளே சேர்த்த தண்ணீரை வைத்துக்கொண்டு சில ஆண்டுகள் பச்சையாக நின்றுவிட்டுப் பிறகு சாவதும் உண்டு. ஓராண்டில் “எல்லாம் பிழைத்தது” என்று அறிக்கை கொடுக்கிறவர்களை நான் நம்பாததற்கு இது ஒரு காரணம்.

மரத்தில் தொற்றிய ஆர்க்கிட்டை உரிக்காதீர்கள். அந்தக் கிளை எப்படியும் வெட்டப்படப் போகிறது. வேர் ஒட்டியிருக்கும் துண்டோடு அறுத்து எடுங்கள். புது மரத்தில் அதே உயரம், அதே பக்க வெளிச்சம் பார்த்து, தென்னை நார்க் கயிற்றால் கட்டுங்கள். வேர் பிடிக்கும் நேரத்தில் கயிறு மக்கிவிடும். பிளாஸ்டிக் கயிறு தண்டை அறுக்கும். பட்டை உரியும் மரத்தில் கட்டினால் பட்டையோடு செடியும் கீழே வந்துவிடும்.

விதையும் மேல்மண்ணும்

செடி எடுப்பதற்கு முந்தைய பருவத்திலேயே விதை சேகரியுங்கள். காட்டில் தொடர்ந்து வாழப்போகும் செடிகளிடம் பழுத்த விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது பொதுவான வரம்பு. தார் விழப்போகும் கோட்டுக்குள் இருக்கும் செடியிடம் அந்த வரம்புக்குப் பொருள் இல்லை, கிடைப்பதையெல்லாம் எடுங்கள். ஆனால் ஒரே செடியிடம் அள்ளிக்கொண்டு திருப்தியாகாதீர்கள். முடிந்தால் 50 தாய்ச்செடிகள், ஒவ்வொன்றின் விதையும் தனித்தனிக் காகித உறையில், உறைமேல் செடியின் எண். பிளாஸ்டிக் பையில் விதை வேர்த்துப் பூசணம் பிடிக்கும். உலர்த்தினால் செத்துவிடும் விதைகளும் உண்டு, சதைப்பற்றும் ஈரமும் உள்ள பெரிய விதைகள் பல அப்படித்தான். அவற்றை அன்றே விதைத்துவிடுங்கள்.

மேல்மண் பத்து, பதினைந்து சென்டிமீட்டரில் பல ஆண்டு விதைகள் உறங்கிக்கிடக்கும். அதை வழித்து அன்றே புது இடத்தில் அதே கனத்துக்குப் பரப்பினால் நாம் எண்ணாத செடிகளும் முளைத்து வரும். உயரமாகக் குவித்து மாதக்கணக்கில் வைத்தால் உள்ளே சூடேறி, காற்றில்லாமல் உயிர் போய்விடும். பார்த்தீனியமோ உண்ணிச்செடியோ மண்டிய இடத்து மேல்மண்ணை மட்டும் தொடாதீர்கள். அதோடு அவற்றையும் கொண்டுபோய் விதைத்தவர்கள் ஆவோம்.

நடுவதும் பிறகும்

குழி முந்தைய நாளே தயாராக இருக்கவேண்டும். கட்டி காலையில் கிளம்பினால் மாலைக்குள் மண்ணில் இருக்கவேண்டும். பழைய தரைமட்டமும் புதுத் தரைமட்டமும் ஒன்றாக இருக்கட்டும். கட்டி மேடாக நின்றால் காயும், பள்ளமாக இறங்கினால் தண்ணீர் தேங்கும். சிவப்பு முடிச்சு வடக்கே. இடுக்கில் பழைய இடத்து மண்ணையே சலித்து நிரப்பி விரலால் அழுத்துங்கள். உரம் வேண்டாம், பூஞ்சைக்கொல்லி வேண்டவே வேண்டாம். பழைய இடத்துச் சருகை அள்ளி வந்து மூடாக்காகப் போடுங்கள். வரிசையாக நடாமல், முன்பு எப்படிக் கூட்டம் கூட்டமாக இருந்தனவோ அப்படியே நடுங்கள். பூச்சி ஒரு பூவிலிருந்து அடுத்ததுக்குப் போகும் தூரம் அதுதான்.

தண்ணீர் ஊற்றுவதற்கு ஆளும் பணமும் முதல் இரண்டு கோடைக்கு ஒப்பந்தத்தில் தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இது இல்லாமல் தொடங்கிய எந்த வேலையும் உருப்பட்டு நான் பார்க்கவில்லை. முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, மூன்றாம் ஆண்டிலிருந்து பூக்கும் பருவத்திலும் காய்க்கும் பருவத்திலும் போய்ப் பாருங்கள். உறங்கும் கிழங்குக்குத் தண்ணீர் ஊற்றினால் அழுகும். களையைக் கையால் எடுங்கள், வேரோடு இழுக்காமல் தரைமட்டத்தில் நறுக்குங்கள். ஆடு மாடு நுழையாமல் வேலி வேண்டும். முற்றிலும் மேய்ச்சல் நின்றால் புல் உயர்ந்து செடியை அமுக்கும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை, விதை சிதறிய பிறகு, புல்லை அறுத்து வெளியே போடுகிறோம்.

தொடப்படாத இயற்கைக் கூட்டம் ஒன்றையும் கூடவே எண்ணி வாருங்கள். நாம் நட்டதில் பாதி பூக்காத வருடத்தில் அங்கேயும் பாதி பூக்கவில்லை என்றால் அது மழையின் குறை. ஒரு வருடம் முளைக்காத செடியை இறந்ததாக எழுதாதீர்கள். “தெரியவில்லை” என்று எழுதி ஆணியை அங்கேயே விடுங்கள். நான் மூன்று வருடம் தொடர்ந்து “தெரியவில்லை” என்று எழுதிய 47-ஆம் எண் செடி நான்காம் வருடம் இரண்டு இலையோடு வந்தது.

நான் எண்ணுவது நான்கு கட்டங்கள்: உயிரோடு இருக்கிறதா, பூத்ததா, காய்த்ததா, நாம் நடாத இளஞ்செடி பக்கத்தில் முளைத்திருக்கிறதா. நான்காவது கட்டம் வருடக்கணக்கில் காலியாகவே கிடக்கும். போன பருவத்தில், 2 மீட்டருக்குள் எந்த ஆணியும் கூப்பிடாத ஓர் இடத்தில், நகத்தளவு இலையோடு ஒன்று நின்றது. கருவியை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தோம். ஆணி இல்லை. பெரியவர் மண்டியிட்டுச் சருகை விலக்கிப் பிடித்துக்கொண்டார், நான் தெற்கே ஒரு சாண் அளந்து புது ஆணி ஒன்றைப் புதைத்தேன்.